பயிற்சி வகுப்பை நிறுத்தாதீர்கள்: முடிவுறு கணிதப் பாடம் குறித்து எங்கள் கல்லூரி அறவாரியத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறவாரியத் தலைவர் அவர்களுக்கும் கல்விக்குழு உறுப்பினர்களுக்கும்,

முடிவுறு கணிதமும் நிகழ்தகவும் என்னும் அறிமுகப் பாடத்தின் வாராந்தரப் பயிற்சி வகுப்புகள் வரும் பருவத்தோடு நிறுத்தப்படும். நிபந்தனை நிகழ்தகவு (ஒன்று நடந்தது தெரிந்தபின் மற்றொன்று நடப்பதன் நிகழ்தகவு), பேயஸ் தேற்றம் (புதிய சான்றைக் கண்டபின் நிகழ்தகவைத் திருத்தும் விதி), எதிர்பார்ப்பு மதிப்பு (பலமுறை செய்தால் சராசரியாகக் கிடைப்பது), மார்கோவ் சங்கிலி (இன்றைய நிலையை மட்டும் வைத்து அடுத்த நிலையின் நிகழ்தகவைக் கணிக்கும் முறை) ஆகிய அலகுகள் நீக்கப்படும். எழுத்துத் தேர்வின் இடத்தில் இணையவழிப் பல்தேர்வு வினாக்கள் வைக்கப்படும் என்று தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கை சென்ற வாரம் எங்கள் கைக்கு வந்தது. இந்தப் பாடத்தின் பயிற்சி வகுப்புகளைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் பகுதிநேர விரிவுரையாளர் என்ற முறையில் இந்த முடிவை நான் எதிர்க்கிறேன். துறைத்தலைவர் வழியாக அனுப்பிய குறிப்புக்கு இதுவரை பதில் வரவில்லை. பினாங்கு இந்தியச் சமூகத்தின் நன்கொடையில் வளர்ந்த கல்லூரி இது என்பதால், பெற்றோரும் பழைய மாணவர்களும் அறியும்படி தமிழிலேயே வெளிப்படையாக எழுதுகிறேன்.

சுற்றறிக்கை மூன்று காரணங்களைச் சொல்கிறது. கல்லூரியிலேயே அதிகமானோர் தேர்ச்சி பெறாத பாடம் இது என்பது முதற்காரணம். பயிற்சி வகுப்புகளுக்குச் செலவு கூடுகிறது என்பது இரண்டாவது. இக்கணக்குகளை எல்லாம் இன்று கணினியே செய்துவிடும் என்பது மூன்றாவது. முதற்காரணம் உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று சுற்றறிக்கை ஓரிடத்திலும் கேட்கவில்லை.

வணிகம், கணினி, தாதியர், பாலர் கல்வி ஆகிய துறைகளிலிருந்து இந்த வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் கூடுதல் கணிதம் எடுக்காதவர்கள். வரிசை மாற்றம், சேர்மானம், நிகழ்தகவுப் பரவல், நேரியல் திட்டமிடல் ஆகிய யாவும் இன்றைய பாடத்திட்டத்தில் ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதத்தில்தான் உள்ளன. எல்லாரும் கட்டாயமாகப் படிக்கும் கணிதத்தில் கணச் செயல்களும் கூட்டு நிகழ்ச்சிகளின் நிகழ்தகவும் நான்காம் படிவத்தில் வந்து போகின்றன. ஆகவே ஐந்து பேரிலிருந்து இருவரைத் தேர்ந்தெடுப்பதற்கும், அந்த இருவரையும் தலைவர், செயலாளர் என்று அமர்த்துவதற்கும் உள்ள வேறுபாட்டையே பலர் எங்கள் வகுப்பில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். இவர்களில் கணிசமானோர் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கணிதம் பயின்று, இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயில் தொடர்ந்து, இங்கு வந்து ஆங்கிலப் பாடநூலைத் திறப்பவர்கள். நிபோங் தெபாலிலிருந்தும் சுங்கைப் பட்டாணியிலிருந்தும் விடியற்காலையில் பேருந்து ஏறி வரும் பிள்ளைகளுக்கு அறிவுக்குறை எதுவும் இல்லை. கேட்டுத் தெளிய ஓர் இடமும், கேள்வியைப் பொறுமையாகக் கேட்க ஒருவரும்தான் அவர்களுக்கு வேண்டும். அந்த இடம் பயிற்சி வகுப்பு. தோல்வி மிகுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, தோல்வியைக் குறைக்கும் ஒரே ஏற்பாட்டை நீக்குவது எவ்வகையில் முறையாகும்?

இந்தப் பாடம் இத்தகைய மாணவர்களுக்காகவே பிறந்தது என்பதையும் அறவாரியத்தின் கவனத்திற்குக் கொண்டுவர வேண்டும். 1950களில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனியும் அவருடைய சக பேராசிரியர்களும் இதற்கு உருவம் கொடுத்தபோது, நுண்கணிதத்தின் வழியே போகத் தேவையில்லாத சமூகவியல், உயிரியல் மாணவர்களையும் மனத்தில் வைத்தே அதைச் செய்தார்கள். தருக்கம், கணம், எண்ணும் முறை, நிகழ்தகவு, அணி என்று வளர்ந்த அந்தப் பாடத்தில் நிபந்தனை நிகழ்தகவும் மார்கோவ் சங்கிலியும் தொடக்கத்திலேயே இடம்பெற்றிருந்தன. ஆகவே அவை கெட்டிக்கார மாணவர்களுக்காகப் பின்னாளில் ஒட்டவைத்த மேலதிக அலகுகள் அல்ல. எந்த மாணவனும் கணினியைக் கையாள வேண்டும் என்று தாமஸ் கர்ட்ஸுடன் சேர்ந்து 1964இல் பேசிக் என்ற எளிய கணினி நிரல்மொழியை உருவாக்கியவரும் அதே கெமெனிதான். கணினி வந்தால் இந்தப் பாடம் தேவையில்லை என்ற வாதத்திற்கு இந்தப் பாடத்தின் வரலாற்றிலேயே இடமில்லை.

கணினி பெருக்கும், வகுக்கும். எதை எதால் வகுக்க வேண்டும் என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். இதை ஒரு வகுப்பில் நடந்ததைக் கொண்டு விளக்குகிறேன்.

ஆயிரம் பேரில் இருபது பேருக்கு ஒரு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைப் பரிசோதனை சரியாகக் கண்டுபிடிக்கிறது. நோயே இல்லாதவர்களில் 5 விழுக்காட்டினரையும் நோயாளி என்று காட்டிவிடுகிறது. ஒருவருக்கு நோய் உண்டு என்று முடிவு வந்தால், அவருக்கு உண்மையில் நோய் இருப்பதன் நிகழ்தகவு என்ன? வகுப்பு முழுவதும் 90 என்றது. தாதியர் துறை மாணவி ஒருவர் விடாமல் வாதிட்டார்: “சார், கருவி 90 விழுக்காடு சரின்னா பதிலும் 90தானே? நோயாளிகிட்ட நான் வேற என்ன சொல்றது?” நான் விடை சொல்லவில்லை. வெண்பலகையில் நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணையை வரைந்து, ஆயிரம் பேரையும் அதில் நிரப்பச் சொன்னேன். நோயுள்ள இருபதில் 18 பேர் பிடிபடுகிறார்கள், இருவர் தப்புகிறார்கள். அதற்குள் பின்வரிசையில் இருந்த கணினித் துறை மாணவர், “மிச்சம் 980 பேர விட்டுட்டீங்களே” என்று எழுந்து வந்தார். 980இல் 5 விழுக்காடு 49 பேர். நோய் உண்டு என்று முடிவு வந்தவர்கள் மொத்தம் 67 பேர். அவர்களில் உண்மையான நோயாளிகள் 18 பேர்தான். விடை 27 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. அந்த மாணவி அட்டவணையை விட்டுக் கண்ணெடுக்கவே இல்லை. பிறகு, நோய் பரவலாக இருக்கும் இடத்தில் இதே கருவி என்ன சொல்லும் என்று அவரே கேட்டு, இருபதை இருநூறாக மாற்றிப் போட்டுப் பார்த்தார். 180 பேர் சரியாகவும் 40 பேர் தவறாகவும் பிடிபட, விடை ஏறத்தாழ 82க்கு ஏறியது.

அந்த ஒரு கணக்கில் ஒரு மணி நேரம் முழுவதும் போனது. அதில் ஒரு நிமிடமும் வீண் இல்லை. காணொளியில் இதே கணக்கை நான்கு நிமிடத்தில் காட்டிவிடலாம். மாணவியும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த காணொளிக்குப் போயிருப்பார், 90 என்ற எண்ணம் அவர் மனத்தில் அப்படியே இருந்திருக்கும். பிற கணிதங்களில் விடை தெரியாதவனுக்குத் தனக்குத் தெரியவில்லை என்பது தெரியும். நிகழ்தகவில் தவறான விடைதான் முதலில், உறுதியோடு வந்து நிற்கும். அதை வாய்விட்டுச் சொல்லி, மற்றவர்கள் முன் வாதிட்டு, எங்கே உடைகிறது என்று தானே பார்த்தால்தான் அது போகும். இந்தப் பாடத்தின் உயிர் பயிற்சி வகுப்பில் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

அலகு நீக்கத்தைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. நிபந்தனை நிகழ்தகவு இல்லாமல், இரு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதவை என்று எப்போது சொல்லலாம் என்பதைக் கற்பிக்க வழியே இல்லை. அது தெரியாமல் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று பிரிட்டனில் உண்டு. சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் இரு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. அவரே கொன்றார் என்று வழக்குத் தொடரப்பட்டது. குழந்தை திடீர் மரணம் அவர்களுடையதைப் போன்ற குடும்பத்தில் 8,543இல் ஒன்று என்று கொண்டு, அதை அதனாலேயே பெருக்கி, 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என்று ஒரு மருத்துவ நிபுணர் நீதிமன்றத்தில் சொன்னார். ஒரே வீட்டில், ஒரே பெற்றோருக்குப் பிறந்த குழந்தைகளின் மரணங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்ள எந்த அடிப்படையும் இல்லை. போதாததற்கு, இத்தகைய மரணம் அரிது என்பதை, தாய் குற்றமற்றவராக இருப்பது அரிது என்று பொருள் கொள்ளவும் அந்த எண் இடம் கொடுத்தது. 1999இல் அந்தத் தாய்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2001இல் பிரிட்டனின் அரச புள்ளியியல் கழகம் அந்தக் கணக்கு அடிப்படையற்றது என்று பகிரங்கமாக அறிவித்தது. 2003இல்தான் அவர் விடுதலையானார். நீதிமன்றத்தில் இருந்தவர்கள் படிக்காதவர்கள் அல்லர். அவர்களுக்குப் பெருக்கத் தெரிந்திருந்தது. எப்போது பெருக்கக்கூடாது என்பது தெரியவில்லை. தாங்கள் நீக்கச் சொல்லும் அலகு அதைத்தான் கற்றுக்கொடுக்கிறது.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். நம் வீடுகளிலேயே நான்கு இலக்கப் பரிசுக் குலுக்கலில் எண் வாங்காத குடும்பம் குறைவு. சாலையில் விபத்து நடந்தால் அடிபட்டவர் நலமா என்று கேட்பதற்கு முன்பே வண்டி எண்ணைக் குறித்துக்கொள்கிறவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். எதிர்பார்ப்பு மதிப்பு என்ற அலகை நான் இந்தக் குலுக்கலை வைத்தே நடத்துகிறேன். பத்தாயிரம் எண்களில் 23 எண்களுக்குப் பரிசு. ‘பெரியது’ என்னும் பந்தய வகையில் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) முதற்பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பத்துச் சிறப்புப் பரிசுகள் தலா 180, பத்து ஆறுதல் பரிசுகள் தலா 60. எல்லாம் சேர்ந்து 6,400 வெள்ளி. பத்தாயிரம் எண்களையும் ஒருவரே வாங்கினாலும் பத்தாயிரம் வெள்ளி கட்டி 6,400 வெள்ளிதான் திரும்பப் பெறுவார். அதாவது போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாக 64 காசு. இதை நான் அறிவுரையாகச் சொன்னதே இல்லை. மாணவர்களே கூட்டி, வகுத்து, வீட்டிற்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு மாணவர் தம் தாத்தாவிடம் அட்டவணையை விரித்துக் காட்டியதையும், சென்ற வாரம் வந்த எண் இந்த வாரம் வராது என்று தாத்தா நம்பியதைப் பற்றி இருவரும் இரவு வெகுநேரம் பேசியதையும் வகுப்பில் வந்து சொன்னார். ஒரு கல்லூரிப் பாடம் சமூகத்திற்குள் இவ்வளவு ஆழமாக நுழைவது அரிது.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்கிவரும் ஊர் இது. எங்கள் மாணவர்களில் பலர் அங்கே பகுதிநேர வேலை பார்க்கிறார்கள், படித்து முடித்தபின் அங்கேயே வேலைக்குச் சேரவும் செய்கிறார்கள். ஆயிரம் சில்லுகளில் பத்துப் பழுதானவை என்றால், இருபதை எடுத்துச் சோதித்து ஒன்றிலும் பழுது காணாமல் போகும் நிகழ்தகவு ஏறத்தாழ 82 விழுக்காடு. “இருபதும் நல்லா இருக்கு, பெட்டி சரி” என்று கையெழுத்திடப் போகும் ஒருவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

இனித் தேர்வு முறை. சுற்றறிக்கையின்படி 20 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், தேர்ச்சிக்கு 40 விழுக்காடு, அதாவது எட்டுச் சரியான விடைகள். மூன்று முறை எழுதலாம். அவற்றுள் மிக உயர்ந்த மதிப்பெண் கணக்கில் கொள்ளப்படும். இந்த ஏற்பாட்டை இந்தப் பாடத்தின் கருவிகளைக் கொண்டே சோதித்துப் பார்த்தேன். பாடநூலைத் திறந்தே பாராத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு விடைகளைத் தட்டினால், ஒருமுறையில் தேர்ச்சி பெறும் நிகழ்தகவு 10 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஒவ்வொரு முறையும் புதிய வினாக்களைக் கொடுத்தாலும், மூன்று முறையில் ஒன்றிலாவது தேர்ச்சி பெறுவது 27 விழுக்காட்டைத் தாண்டும். ஒவ்வொரு வினாவிலும் பொருந்தவே பொருந்தாத இரு விடைகளை மட்டும் கழித்துவிடும் அளவுக்கு அரைகுறையாகப் படித்தவருக்கோ, ஒருமுறையில் 87 விழுக்காடு. மூன்று முறையில் 99 விழுக்காட்டுக்கும் மேல். தேர்ச்சி விகிதம் நிச்சயமாக உயரும். அடுத்த ஆண்டறிக்கையில் அந்த எண் அழகாகத் தெரியும். அது எதை அளந்த எண் என்று கேட்கும் திறனைத்தான் நாம் மாணவர்களிடமிருந்து எடுத்துவிடப் போகிறோம்.

எழுத்துத் தேர்வில் மாணவர் வரையும் மர வரைபடத்தைப் பார்த்தால், விடை பிழையானாலும் சிந்தனை எங்கே சரியாக இருந்தது, எந்தக் கிளையில் தடம் மாறியது என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் அவரை அழைத்து அதே கிளையைக் காட்ட முடியும். பல்தேர்வில் சரி, தவறு இரண்டுதான் மிஞ்சும். சேர்மானத்திற்குப் பதில் வரிசை மாற்றத்தைப் போட்டவரும், கண்ணை மூடித் தட்டியவரும் அங்கே ஒன்றே.

செலவைப் பற்றி ஒன்று. எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேரக் கற்றல். இந்தப் பாடம் மூன்று கிரெடிட். ஆக 120 மணி நேரம். பயிற்சி வகுப்பையும் நான்கு அலகுகளையும் எடுத்தபின்னும் மூன்று கிரெடிட் என்றே சுற்றறிக்கை குறிப்பிடுகிறது. கட்டணத்திலும் மாற்றம் இல்லை. எங்கள் மாணவர்களில் மிகப்பலர் பிடிபிடிஎன் என்னும் அரசு உயர்கல்விக் கடனில் அந்தக் கட்டணத்தைச் செலுத்தி, வேலைக்குப் போனபின் ஆண்டுக்கணக்கில் திருப்பிக் கட்டுகிறவர்கள். கொடுப்பதைக் குறைத்துவிட்டு வாங்குவதைக் குறைக்காமல் இருப்பது நியாயம்தானா என்பதை, நன்கொடையாளர்களின் நம்பிக்கையைக் காக்கும் பொறுப்பில் உள்ள தாங்களே சொல்லுங்கள். செலவு உண்மையிலேயே தாங்க முடியாதது என்றால் அதற்கு வழிகள் உண்டு. இதே பாடத்தில் சிறப்பாகத் தேறிய மூத்த மாணவர்களைச் சிறு ஊக்கத்தொகையோடு பயிற்சித் துணைவர்களாக அமர்த்தலாம். பெருவகுப்பு விரிவுரையைக் காணொளியாக்கி, அந்த நேரத்தைப் பயிற்சி வகுப்புக்குத் திருப்பலாம். விரிவுரையை இணையத்திற்குக் கொண்டுபோவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நான் கேட்பது, வாதிடும் அந்த ஒரு மணி நேரம் நேருக்கு நேர் நடக்க வேண்டும் என்பது மட்டுமே.

ஆகவே அறவாரியத்திடமும் கல்விக்குழுவிடமும் நான் வேண்டுவன இவை. சுற்றறிக்கையை வரும் பருவத்திற்கு நிறுத்திவையுங்கள். வாரம் ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பு, ஒரு குழுவில் 25 பேருக்கு மிகாமல், தொடர்ந்து நடக்க உத்தரவிடுங்கள். நிபந்தனை நிகழ்தகவையும் பேயஸ் தேற்றத்தையும் எதிர்பார்ப்பு மதிப்பையும் பாடத்திட்டத்தில் வைத்திருங்கள். நேரம் போதவில்லை என்றால் மார்கோவ் சங்கிலியை விருப்ப அலகாக்குவதற்கு நான் உடன்படுகிறேன். இறுதித் தேர்வில் குறைந்தது பாதி மதிப்பெண்ணாவது வழிமுறையை எழுதிக் காட்டும் வினாக்களுக்கு இருக்கட்டும். இணையவழி வினாக்களை வாராந்தரப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். கூடுதல் கணிதம் படிக்காமல் வருகிறவர்களுக்குப் பருவம் தொடங்கும் முன் மூன்று வார இணைப்பு வகுப்பு ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். அதை நடத்தித் தர நான் கட்டணம் வாங்கமாட்டேன். கடந்த பருவங்களில் தேர்ச்சி பெறாதவர்களில் எத்தனை பேர் கூடுதல் கணிதம் படித்தவர்கள், எத்தனை பேர் பயிற்சி வகுப்புக்கு ஒழுங்காக வந்தவர்கள் என்ற விவரத்தைப் பதிவகத்திலிருந்து எடுத்து, பெயர்களை நீக்கி, ஆசிரியர்களுக்கும் மாணவர் பேரவைக்கும் வெளியிடுங்கள்.

பாடத் தேர்வுப் பதிவு தொடங்குவதற்கு முன்பாக, இந்தப் பாடத்தின் ஆசிரியர்களும் மாணவர் பேராளர்களும் பெற்றோரும் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றை அறவாரியம் கூட்டி, மேற்சொன்ன ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்து வடிவில் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முடிவுறு கணிதப் பாடத்தின் பகுதிநேர விரிவுரையாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு